சுக்குக் கிடங்கில் இறங்கிய காபி

அன்பே உருவான அத்தா,

அன்றைக்கு நான் சொல்லாமல் விழுங்கியது ஒரே வாக்கியம்: "அது மலைமண் இல்லை, எங்கள் அத்தாவின் சுக்கு."

நீங்கள் போன பிறகு உங்கள் மட்டாஞ்சேரிக் கிடங்கைச் சாச்சா காபிக் கடையாக்கிவிட்டார். சுக்கு மூட்டைகள் போயின, வாசனை போகவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் விடமாட்டார். உரிந்த சுவரைப் படமெடுக்கத்தானே ஆட்கள் வருகிறார்கள்? எடுத்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

கிழக்குத் திமோர் என்ற சின்னத் தீவு நாட்டிலிருந்து வறுக்காத பச்சைக் காபிக்கொட்டை வரவழைத்தார். பச்சைக் கொட்டை பக்கத்தில் இருப்பதன் வாசனையைக் குடித்துவிடும். மழைக்காலம் முழுக்க அது அந்தக் கிடங்கிலேயே கிடந்தது. உங்கள் தம்பி சாச்சாவுக்கு இது தெரியாதா, தெரிந்துகொள்ள மனமில்லையா?

மொத்தமாக வாங்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் போன வருடம் சுவைபார்க்க வந்தார். கரண்டியில் எடுத்து, தெருமுனை வரை கேட்கும்படி உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டார். திமோர் மலைமண்ணின் காரம் நாக்கில் தெரிகிறதாம். அந்த மலையைத் தானே நட்டு வளர்த்தவர்போலச் சாச்சா தலையாட்டினார். உடனே கூடியிருந்த எல்லார் நாக்கிலும் மலைமண் தெரிந்தது.

அதை விளைவித்த கிராமத்திலிருந்து மரியா என்ற பெண்ணும் வந்திருந்தாள். அங்கே வீட்டுச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் குடிப்பார்களாம். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்: "இது எங்களுடையதுதானா?"

சாச்சா என் காதருகே குனிந்தார். "மோளே, நீ ஒண்ணும் மிண்டாதே. வாயத் தொறந்தா ஆர்டர் போயிரும்."

போனால் அவள் ஊரின் அடுத்த விளைச்சலை வாங்க ஆளில்லை. அவளுக்காக வாயை மூடினேன். அந்த நாக்குகளின் மானத்துக்காக அல்ல. இதே ருசி அடுத்த வருடமும் வேண்டும் என்று பெங்களூர்க்காரர் அவளுக்குக் கைகொடுத்தார்.

இந்த வருடம் கடையில் மேசை போட இடம் போதவில்லை. புதிதாக வந்த திமோர் மூட்டைகளை ஊருக்கு வெளியே களமசேரியில் ஒரு புதுக் கிடங்கில் இறக்கினார்கள். சுத்தமான, நல்ல காபி. மலைமண்ணைக் காணோம் என்று பெங்களூர்க்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார். "உங்கள் ஊர்க் காபியின் தரம் கெட்டுவிட்டது" என்று சாச்சா மரியாவுக்கு எழுதிவிட்டார்.

நானும் அவளுக்கு எழுதுவேன், அத்தா, குறை அவர்கள் செடியில் இல்லை என்று. சாச்சாவுக்குத் தெரிந்தே எழுதுவேன். ஆனால் அதற்குள், வாங்க ஆளில்லாமல், அவள் ஊரில் அடுத்த விளைச்சலின் காய்கள் பறிக்கப்படாமல் செடியிலேயே கருகிவிட்டன.

இப்படிக்கு,
உங்கள் தூசியில் தும்மி வளர்ந்த மகள்