சிவப்புத் தலைக் கட்டைகள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை வடிசாலையில் புளித்த கள்ளைத் தொட்டிக்குள் திறந்துவிட்டார்கள். அந்த மணம் போத்தல் கழுவும் இடம்வரை வந்ததும் என் கால்கள் அசைய மறுத்தன. பக்கத்தில் நின்ற பெண், "ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டாள். வெக்கை என்றேன். அரசாங்க அனுமதியோடு பனஞ்சாராயம் வடிக்கிற இடம் இது. இங்கே யாருக்கும் எதையும் ஒளிக்கத் தேவையில்லை. என் உடம்புக்குத்தான் அது இன்னும் விளங்கவில்லை.

மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி, வெள்ளாங்குளத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டில்களில் குடியேறிய முதல் வருசம். நீங்களும் நானும் அடுத்தடுத்த கொட்டில். இருவருக்கும் புருசன் இல்லை. ஒருநாள் சொன்னீர்கள்: "சண்டைக்கு முந்தி அப்பு இந்தப் பற்றைக்குள்ளதான் கசிப்புக் காய்ச்சினவர். மதுவரிக்காரர் ஜீப்பில வந்தால் கடற்கரையால ஓடுவினம். ஊரில பாதிப் பேர் அப்பிடித்தான் சீவிச்சது. எனக்கும் வேலை தெரியும். வாறியோ?"

வந்தேன். கள்ளச்சாராயம் காய்ச்ச ஒரு தகரப் பீப்பா, ஒரு செப்புக் குழாய், சீனி கரைத்துப் புளிக்கவைத்த கோடா. பொலிஸ் இரண்டு தடவை வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது உங்களுக்கு.

மிதிவெடி அகற்றுகிறவர்கள் தலையில் சிவப்பு பூசிய கட்டைகளை வரிசையாக நட்டுவிட்டு, மழைக்காலம் என்று வேறிடம் போயிருந்தார்கள். அந்தக் கட்டைகளுக்கு அப்பால் யாரும் கால் வைக்கமாட்டார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத பின்பக்கத்து வரிசையில் சிலதைப் பிடுங்கினீர்கள். வெடி இல்லாத நிலத்தில், எங்கள் பீப்பாவைச் சுற்றி நட்டீர்கள். நான் கட்டைகளை நிமிர்த்திப் பிடித்தேன். "இனி ஒரு பொலிசும் உள்ளுக்கு வராது" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் பீப்பாவடியில் நிற்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பொலிஸ் என்ற பயத்தில் பின்பக்கத்தால் ஓடினோம். திடீரென்று நீங்கள் நின்றீர்கள்.

"பிள்ளை, நில். காலைத் தூக்காத."

நின்றேன்.

"கட்டையளை எவடத்தில பிடுங்கினனாங்கள்?"

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே புல்.

"திரும்பாத. ஈர மண்ணில அடையாளம் கிடக்கு. வந்த அடியிலேயே பின்னுக்கு வை."

அறுபது காலடி இருக்குமோ என்னவோ. என்னை அறியாமல் சிறுநீர் போய்விட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் நின்ற நீங்கள், நான் ஒவ்வொரு அடியும் வைத்த பிறகுதான் உங்கள் காலை எடுத்தீர்கள்.

நாங்கள் வெளியே வந்தபோது, ஆடு வளர்க்கிற மாமி தன் ஆடுகளோடு, நாங்கள் கட்டை பிடுங்கிய இடைவெளியை நோக்கி வந்துகொண்டிருந்தார். கட்டை இல்லாத இடம்தானே. "மாமி, வராதேங்கோ, நில்லுங்கோ" என்று கத்தினீர்கள். அவர் நின்றார். ஆடு நிற்கவில்லை.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு காது இரைந்தது. மாமி மண்ணில் இருந்துகொண்டு தன் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு காலும் இருந்தன.

"நான் போய்ச் சொல்லப் போறன்" என்றீர்கள்.

"சொன்னால் உள்ளுக்குப் போடுவாங்கள், அக்கா."

"ஓம். சொல்லாட்டி நாளைக்கு ஒரு பிள்ளை கால் வைக்கும்."

மிதிவெடி அகற்றுகிறவர்கள் போயிருந்த முகாமைத் தேடிப்போய், செய்ததை எல்லாம் சொன்னீர்கள். பீப்பாவையும் காட்டிக் கொடுத்தீர்கள். ஊர் கூடி நிற்க, பொலிஸ்காரர் கேட்டார்: "ஆர் கூட இருந்தது?"

"நான் தனியத்தான் செய்தனான்."

நான் கூட்டத்துக்குள் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைய புல்வெளியைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

சிறையிலிருந்து வந்து எத்தனையோ வருசம் என் பக்கத்துக் கொட்டிலிலேயே இருந்தீர்கள். ஒருநாளும் அதைப் பேசவில்லை. சில வேளை கறிச்சட்டியைத் தந்துவிட்டு, உடனே போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தக் கதையை எடுத்துவிடுவீர்களோ என்று ஒவ்வொரு தடவையும் சட்டியோடு உள்ளே போய்விடுவேன்.

உங்களை அடக்கம் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகு மாமியிடம் போனேன். "அந்தக் கட்டையளை ரெண்டு பேர்தான் பிடுங்கினது, மாமி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும். மறியலால வெளியில வந்த கிழமையே அவ சொன்னவ. 'அவள் பயந்தவள், தானா வந்து சொல்லுவாள், அதுவரைக்கும் நீங்கள் கேளாதேங்கோ' எண்டவ."

நீங்கள் என் வாசலில் எதற்குக் காத்து நின்றீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. மாமியிடம் சொல்லிவிட்டேன், அக்கா. 'நானும் சொல்லப் போறன்' என்று உங்களிடம்தான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தப் பயம் என்னோடுதான் இருக்கிறது.