கழுத்துக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: "மாட்டேன்."

தி.நகர் குர்திக் கடையில் என் வேலை, இணையத்தில் போடும் படங்களுக்கு நாலு வரி எழுதுவது. பெரிய அளவுத் துணியையும் ஒல்லியான ஜான்சிக்கே போட்டு, முதுகில் கிளிப் குத்திப் படம் எடுப்பார்கள். 'படத்தில் இருந்த மாதிரி இல்லை' என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இன்று முதலாளி அசோகன் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா ஜானு, வெளிய இன்னாத்துக்கு ஆள் தேடணும்? நீயே போட்டு நில்லேன்."

ஜான்சி சிரித்தாள். கேலியில்லை. அதுதான் இன்னும் கூசியது.

"முகம் வேணாம் சார். கழுத்துக்குக் கீழ மட்டும்." இதற்கு மட்டும் வாய் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

படம் ஏறியது. படம் எடுக்கும் நாகராஜ் அண்ணன் தாடைக்குக் கீழே சரியாக வெட்டியிருந்தார். மதியத்துக்குள் சரக்கு தீர்ந்தது.

படித்த நாவல்களில், பார்த்த படங்களில், என் உடம்புக்காரி வந்தால் கதாநாயகியின் தோழியாக இருப்பாள். தின்றுகொண்டே இருப்பாள். அவள் உட்கார்ந்தால் நாற்காலி உடையும். இங்கே நாற்காலி உடையவில்லை. தலைதான் இல்லை.

ராத்திரி அம்மா போனை நீட்டினாள். "இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ பாந்தமா இருக்கு பாரு. நீயும்தான் கீறியே, கூடாரம் மாதிரி ஒண்ண மாட்டிக்கினு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பெற்றவளுக்கே தெரியவில்லையா? எப்படித் தெரியும், வீட்டிலும் நான் துப்பட்டாவை இறக்கியதில்லையே.

ஜூன் 9, திங்கள்

படத்துக்குக் கீழே ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "எங்க சைஸ்ல இருந்தா மூஞ்சி காட்டக் கூடாதா?" பதில் எழுதுவது என் வேலை. ஒரு இதயம் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

படத்துக்கென்றே புதிதாக ஒரு பெண் வந்தாள். டயானா, பட்டினப்பாக்கம். அம்மா மீன் விற்கிறாராம். என் அளவுதான். மை தீட்டி, பூ வைத்து, ஆசையாக வந்திருந்தாள். நாகராஜ் அண்ணன் கேமராவைக் கீழே இறக்கியதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணா, மூஞ்சி வருமா?"

"பெரிய சைஸுன்னா நம்ம கடைல கழுத்துக்குக் கீழதான்மா," என்றார் அசோகன் சார். "அதான் வழக்கம்."

"இன்னா சார், தலைய வெட்டிட்டு விக்கிறீங்க? எங்கம்மா மீனையே தலையோடதான் விக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வழக்கமாம். இந்த மாதம் பிறந்த வழக்கம். பெற்றவள் நான்.

டயானா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுக்கா. நீயும் நம்ம ஆளுதான?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பார்த்துக்கினே இருந்தேன் — ச்சீ, இன்னா ஜென்மம்டி நீ? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "அது வழக்கம் இல்ல சார். நான் கேட்டது. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"அத நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

டயானாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பச்சைக் குர்தி, பெரிய அளவு. தலையோடு நின்றேன். படத்தில் கண் பாதி மூடியிருக்கிறது, அதையே போட்டுவிட்டார்கள். அம்மா பழைய படத்தையும் தேடி எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்ப அதுவும் நீதானா?" என்றாள்.

டயானா வரவில்லை.