ஆளுநர் தொப்பியின் இறகுகள்

மே 17

போர்வைக்குள் மெழுகுவர்த்தி வைத்து எழுதுகிறேன். போர்வை பற்றிக்கொண்டால் அது தனித் தப்பு.

பள்ளியில் டல்சி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “உங்கப்பா தொப்பியில ஆடுறது அன்னப்பறவை இறகாக்கும்! போடி, வெறும் கோழி. எங்கப்பாதான் சொன்னார்.” அவள் அப்பா துறைமுக அதிகாரி. கப்பலைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். தொப்பியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

என் அப்பா பிரபு வீட்டு ஏழாவது பிள்ளை. இது அவர் ஆளும் மூன்றாவது தீவு. “ஒவ்வொரு தடவை பதவி உயரும்போதும் தீவு சின்னதாயிடுது” என்பாள் அம்மா. இங்கே மனிதரைவிட ஆடுகள் அதிகம். தொப்பி மட்டும் முதல் தீவிலிருந்து அதே தொப்பி.

மே 18

தொப்பியைத் தலையணை உறைக்குள் போட்டு டல்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்னம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் — அவர்கள் வீட்டு ஆடு.

ஓர் இறகு மிச்சமில்லை.

மே 19

ஜூன் மூன்று மன்னரின் பிறந்தநாள். அந்தத் தொப்பியோடுதான் அப்பா அணிவகுப்பில் நிற்க வேண்டும். ஈஸ்டரன்று பிஷப்பின் நாற்காலியில் நண்டு விட்டதற்கே, “இன்னொரு தப்பு பண்ணினே, அடுத்த கப்பல்ல இங்கிலாந்து, யார்க்‌ஷயர். கான்ஸ்டன்ஸ் அத்தை வீடு” என்று சொல்லியிருக்கிறார். அத்தை கஞ்சியில் சர்க்கரை போடமாட்டாள். சிரித்தால் பைபிளிலிருந்து சங்கீதம் படிக்கச் சொல்வாள். கப்பல் ஜூன் நாலாம் தேதி வருகிறது.

செத்தேன்.

மே 22

எங்கள் வீட்டுக் கோழிகள் வெள்ளை. கடவுளே, மன்னிச்சுடு.

மே 24

மாவுப் பசை போட்டு ஒட்டியாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் அன்னம். ரொம்பத் தூரத்திலிருந்து.

மே 26

சாப்பிடும்போது அம்மா, “கோழிங்க பின்பக்கமெல்லாம் மொட்டையா நிக்குதே, என்ன வியாதியோ?” என்றாள். அப்பாவின் உதவியாளர் கேப்டன் ராக் கரண்டியைக் கீழே வைத்தார். “சார், தொத்து வியாதியா இருந்தா தீவே போச்சு!” அப்பா பாதிப் புட்டிங்கில் எழுந்து அலுவலக அறைக்குப் போனார்.

சொல்லிவிடலாமா? என் புட்டிங்கை முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.

மே 30, ஞாயிறு

அரசாணை தேவாலயக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது: யாரும் கோழியை வெளியே விடக்கூடாது, முட்டை சாப்பிடக்கூடாது. காலையில் முட்டை இல்லாவிட்டால் பிஷப்பின் பிரசங்கம் நீளும். இன்று ஆதாமில் ஆரம்பித்தார். நோவா கப்பலைவிட்டு இறங்குவதற்குள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

எல்லாம் என்னால்.

ஜூன் 3

மழை.

மன்னர் கீதம் முடியும்வரை ஆளுநர் இமைகூடக் கொட்டக்கூடாது. முதல் வரியிலேயே ஓர் இறகு கழன்று அப்பாவின் மூக்கில் ஒட்டியது. பசை புருவத்தில் வழிந்தது. அப்புறம் காற்று வேறு. பிஷப்பின் தாடியெல்லாம் இறகு. பேண்டுக்காரரின் ஊதுகொம்புக்குள் ஒன்று புகுந்து, மன்னர் கீதம் வாத்து மாதிரிக் கத்தியது. அப்பா சல்யூட் அடித்த கையை இறக்கவேயில்லை. எனக்கு வந்தது அழுகையா, சிரிப்பா?

டல்சி காதருகில் வந்தாள். “இப்ப கோழிதானே? ஒத்துக்கோடி.”

ஒத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அப்பா கோழிக்கூண்டின் முன் போய் நின்றார், கையில் தொப்பியோடு. நெடுநேரம் கோழிகளைப் பார்த்தார். கோழிகளும் அவரைப் பார்த்தன. இரு தரப்பும் மொட்டை.

சாயங்காலம் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஜூன் 4

கப்பல் வந்துவிட்டது. காலை மேசையில் முட்டை — ஆணை ரத்தாம். என்னுடையதை உடைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா தன் முட்டையின் தலையைத் தட்டி உடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மாவுப் பசை மழைக்குத் தாங்காது. அடுத்த வருஷம் தைச்சுடு.”

“சரிப்பா.”

கேப்டன் ராக் எதுவும் புரியாமல் அப்பாவிடம் உப்பை நகர்த்தினார்.

இருட்டுமுன் கப்பல் கிளம்பிப் போயிற்று. பெட்டி பரணேறிவிட்டது. அம்மாவின் தையல் கூடையிலிருந்து ஓர் ஊசி எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டுத்தான் எடுத்தேன்.