ஒரே குன்றிலிருந்து இரண்டு படங்கள்

முகாம் தபால் பெட்டி 38,
ஆல்பர்ட்டா, கனடா
2 அக்டோபர் 2024

அன்புள்ள அகல்யாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எண்ணெய் முகாமில் சிக்னல் கிடையாது, அதனால்தான் கடிதம்.

நவம்பரில் மான் வேட்டை. கொம்புள்ள ஆண் மானுக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி. மாமா கல்யாணத்துக்குக் கொடுத்த ராணுவ பைனாகுலரில் பார்த்தால், அந்தி வெளிச்சத்தில் கொம்பு எது, கிளை எது என்று தெரிவதில்லை. உயர்ந்த ரகம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விலை அதிகம், பழையதைக் கொடுத்தால் குறைப்பார்கள். உன் அப்பா பொருள், நீயே சொல்.

அன்புடன்,
ரத்தினவேல்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
28 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஐந்து மாதம் கழித்துக் கடிதம். விசா என்று நினைத்துப் பிரித்தேன்; பைனாகுலர். போகட்டும், அதற்காவது என் நினைப்பு வந்ததே.

இங்கே ஒரே புகை, எதிர் பிளாக்கே தெரியவில்லை. மதியம் ஆபீஸ் புல்தரையில் ஸ்வெட்டர் பின்னும்போது மஞ்சு கேட்கிறாள், "அச்சா, உன் வீட்டுக்காரர் வீடு இன்னுமா ரெடியாகல?" சிரித்து மழுப்புகிறேன். போன வருஷம் அனுப்பிய மரூன் ஸ்வெட்டர் அளவு சரிதானா? அதையும் நீங்கள் சொல்லவில்லை.

புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுடையதைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நிபந்தனை: புதியதில் நம் வீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். வீடு தயாரானதும் அழைத்துக்கொள்கிறேன் என்று நான்கு வருஷமாகச் சொல்கிறீர்கள், நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.

உங்கள்,
அகல்யா

முகாம் தபால் பெட்டி 38
30 நவம்பர் 2024

அகல்யா,

கேட்டபடி இரண்டு படம். ஒரே குன்றிலிருந்து, ஒரே நேரத்தில், பைனாகுலரில் செல்போனை வைத்து எடுத்தவை. மாமாவுடையதில் வீடு வெறும் வெள்ளைப் புள்ளி. புதியதில் வாசலில் நிற்பவள் ஜெனிஃபர், நர்ஸ், நாகர்கோவில் பெண். இடுப்பில் இருப்பவன் எங்கள் பையன்.

அவர்கள் தெரியாதபடி படத்தை வெட்டி அனுப்பியிருக்கலாம். எழுத்தில் சொன்னால் பத்துப் பக்கம் அழுவாய், பார்த்தால் புரிந்துகொள்வாய்.

எனக்கு எப்போதோ விவாகரத்து ஆகிவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கான காகிதங்கள் இத்துடன். கையெழுத்துப் போட்டு முகாமுக்கே அனுப்பு. வீட்டு விலாசம் உனக்குத் தேவையில்லை.

மாமாவுடையதைக் கடையில் கொடுத்துவிட்டேன். மான் கிடைத்தது, ஒரே குண்டில்.

ரத்தினவேல்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
19 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெனிஃபருக்கு,

நான் அகல்யா. இன்றைய தேதிவரை ரத்தினவேலின் மனைவி. அவருடைய கடிதங்கள், எங்கள் கல்யாணப் படம், நான் கையெழுத்துப் போடாத காகிதங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

நீ போட்டிருக்கும் மரூன் ஸ்வெட்டர் நான் பின்னியது. இடது தோளில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். படத்தில் அதுகூடத் தெரிகிறது.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைப் பிரிப்பாய் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

விலாசம் அவர் தரவில்லை. ஆனால் படங்கள் வந்த கவரை உங்கள் ஊரிலேயே தபாலில் போட்டிருக்கிறார்; ஊர்ப்பெயர் முத்திரையில் இருக்கிறது. உங்கள் கேட்டில் உள்ள எண்ணையும் தெருப் பலகையையும் படத்தில் படித்துக்கொண்டேன். நல்ல பைனாகுலர்தான் வாங்கியிருக்கிறார், அவரிடம் சொல்.

அகல்யா ரத்தினவேல்