குசினி வாசலில் ஒரு கடல்

1974 ஜூலை 8, திங்கள்
கச்சான் காற்று. வாயெல்லாம் மண்.
இதனால் சகலருக்கும் அறியத் தருவது: இன்று காலை ஏழு மணிக்கு, அம்மா சமைக்கும் குசினியின் வாசலில், இந்து சமுத்திரத்தின் உப கிளை திறந்து வைக்கப்பட்டது. பிரதம விருந்தினர் பூனை. நன்றியுரை இல்லை; அம்மா கத்தியதே போதும்.

சாமான்கள்: கண்ணாடிப் பெட்டி 1 (பேக்கரியில் பாண் அடுக்கியது. ஊரெல்லாம் மாவுத் தட்டுப்பாடு, பாணும் இல்லை, பெட்டி சும்மா கிடந்தது). நிலாவெளி மணல், ஏழு தரம் அலசியது. லொறி டியூப் 1. அதில் பூட்டிய சேலைன் குழாய். டியூபுக்குக் காற்றடித்தால் தண்ணீருக்குள் குமிழி வரும். இடைக்கிடை அடித்தே ஆக வேண்டும்.

முதல் தண்ணீர் துறைமுகத்துக்குள் அள்ளியது. அக்கா மணந்து பார்த்தாள், ஒரே கப்பல் எண்ணெய் நாற்றம். "இதென்னடா, மீனுக்கோ லாம்புக்கோ?" கொட்டிவிட்டு டச்பே கடற்கரைக்குச் சைக்கிள். நாலு நடை. கால் செத்தது.

13, சனி
மீன் வந்துவிட்டது! இரண்டு. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி. அவை குடியிருக்கும் கடற்சாமந்தியும் கல்லோடு வந்தது. பூ மாதிரி, ஆனால் உயிருள்ளது.
புறாமலைத் தீவடியில் நானே குதித்துப் பிடித்தேன். இரண்டு ஆள் ஆழம். பக்கத்தில் ஒரு சுறா. தோணி என் வகுப்பு நசாரின் அண்ணனுடையது, அவன் நானா என்பான். கொழும்புக் கொம்பனிக்கு வண்ண மீன் பிடிக்கிறவர்.

15, திங்கள்
சுறா இன்று வகுப்பில் ஆறடிக்கு வளர்ந்துவிட்டது. நசார் மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான். வெகுநேரம் தேடினான்.

19, வெள்ளி
இருப்புக் கொள்ளவில்லை. கணக்குப் பாடத்திலும் டியூப் நினைவு. இடைவேளையில் ஓடிவந்து காற்றடித்துவிட்டு ஓடினேன். வெயிலுக்குத் தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் இறங்குகிறது. இறங்கும் அளவுக்கு டச்பேத் தண்ணீர் ஊற்றுகிறேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே.
அம்மா: "படிப்புக்கு இப்பிடி ஓடியிருந்தா இப்ப டொக்டர்."

25, வியாழன்
சாமந்தி சுருங்கிவிட்டது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பெட்டி விளிம்பில் வெள்ளைத் தூள். நசாரை இழுத்து வந்தேன். விரலை நனைத்து நக்கினான். துப்பினான்.
"டேய், என்னத்த ஊத்துறாய்?"
"கடல் தண்ணிதான்."
"மடையா, வெயிலுக்குத் தண்ணிதான் போகும், உப்புப் போகாது. குறையிறதுக்குக் கிணத்துத் தண்ணியெல்லோ ஊத்தோணும். நீ மீன் வளக்கயில்ல, கருவாடு போடுறாய்."
வாளியோடு கிணற்றுக்கு ஓடினேன். மறித்தான். "ஒரேயடியா ஊத்தினா இப்பவே சாகும். தேங்காச் சிரட்டையால கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."
சிரட்டை. காத்திரு. சிரட்டை. காத்திரு. எனக்கு இது தண்டனை.

26, வெள்ளி
மீன் கொஞ்சம் தேறிவிட்டது. சாமந்தி நாறுகிறது. அது அழுக அழுகத் தண்ணீர் முழுக்க நஞ்சாம். நாளை விடிய நானா தோணி விடுகிறார், மீனைக் கடலிலேயே கொண்டுபோய் விடச் சொன்னான் நசார்.
"வாளியக் கவிட்டா போதும்தானே?"
"பெரிய மீன் விழுங்கிடும். கீழ போய் வேற சாமந்திக்குள்ள விடோணும்."
அக்காவுக்குக் காது நீளம். "நானும் வாறன். நீ குதிக்கிறதப் பாக்கோணும்." வகுப்பிலிருந்தும் ஐந்து பேர் வருகிறார்கள்.

வயிற்றுவலி என்று படுத்துவிடலாம். பெட்டியை எட்டிப் பார்த்தேன். சின்ன மீன், செத்த சாமந்திக்குள் நுழையப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சரி. எழுதிவிடுகிறேன். நான் குதிக்கவில்லை. குதித்தவர் நசாரின் நானா. நான் தோணியில் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதிலும் பாதி நேரம் தலைசுற்றிச் சத்தி, வயிற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுறா இல்லவே இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"நாளைக்கு வாளியையாவது ஒழுங்காப் பிடிப்பியோடா?"
"ஓம்" என்றேன்.