கொசு வண்டியின் முன் நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கினேன். முதல் சொல்லே பொய்யாகிவிடும் போலிருந்தது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்தேன்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாரும் எங்கேயும் விழவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். தம்பி வீட்டில் உன் இரண்டு கையும் எப்போதும் அந்த இரட்டைக் குழந்தைகளிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் இங்கே மூக்கை உறிஞ்சினால் அங்கே தம்பி மனைவி, அண்ணிக்கு ஜலதோஷமா என்று கேட்கிறாள். இது உனக்கு மட்டும். குழந்தைகள் தூங்கும்போது படி.

முதலில் நல்ல செய்தி. கொசு கிடைத்துவிட்டது.

உன் மொபெட்டைத்தான் சொல்கிறேன். தெருமுனையில் திரும்பும்போதே கொய்ங் என்று கேட்கும் என்பதால் நானும் தம்பியும் வைத்த பெயர். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், முட்டி வலிக்கிறது, இனிமேல் பெடலை மிதிக்க முடியாது என்று தண்ணீர் கேன் போடுகிறவருக்கு விற்றாயே, அவரிடமே இருந்தது. ஆனால் ஓட்டத்தில் இல்லை. அவர் குட்டி யானை லோடு வண்டி வாங்கிவிட்டார். கொசு அவருடைய கொட்டகைக்குப் பின்னால் கோழிகள் ஏறி உட்காரும் கம்பமாகிவிட்டது. டயர் இரண்டும் மண்ணோடு மண். சைலன்சருக்குள் எறும்புப் புற்று. உன் நீலத்தின் மேல் அவர் அடித்த சிவப்பு பொரிந்து, அதன் மேல் துரு பூத்து, தொட்டால் கையோடு வந்தது.

விலைக்குக் கேட்டதும் அவர் திகைத்துப்போனார். அவர் மனைவிதான் சொன்னாள்: "இதை வாங்க வந்த மொத ஆளு நீங்கதான். காசு வாங்கணுமா, குடுக்கணுமான்னு தெரியாம முழிக்கிறாரு." கடைசியில் இரும்பு விலைக்குக் கொடுத்தார். கோழிகளுக்குத்தான் வருத்தம்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேலி செய்தார். உங்க அம்மா சீர்வரிசையில மறந்துபோய்க் கொடுக்காம விட்டதை நீயே போய்க் காசு கொடுத்து வாங்கிட்டு வர்றியே, உன்னை மாதிரி மருமகள் வேற யாருக்குக் கிடைப்பா என்றார். பிறகு நான் எதற்கு வாங்கினேன் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக அவரே வந்தார்.

எதற்கு வாங்கினேன் தெரியுமா? அந்த முன் நாற்காலிக்காக.

கம்பியை வளைத்து வெல்டிங் செய்து, உன் கால்களுக்கு நடுவில் பொருத்தியிருந்த அந்தக் குட்டி இரும்பு நாற்காலி அப்படியே இருந்தது. கேன் நழுவாமல் இருக்க வசதியாக இருந்ததால் அவர் கழற்றவில்லையாம். அதில் உட்கார்ந்துதான் நான் ஊரைப் பார்த்தேன். பின்னால் நீ தைத்த பள்ளிச் சீருடை மூட்டை, முன்னால் நான். வலது கையில் வண்டி, இடது கை என் நெஞ்சின் மேல். மேடு பள்ளம் எது வந்தாலும் அந்தக் கையை எடுக்க மாட்டாய். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தி, ஏம்மா ரெண்டு கையால ஓட்டக்கூடாதா, பிள்ளை என்ன பறந்தா போயிடும் என்று சத்தம்போட்டார். நீ நிதானமாகச் சொன்னாய்: "போனாலும் போயிடும் சார்." அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருடம் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை என்பது இந்த வாரம்தான் நினைவுக்கு வந்தது.

இனி மற்ற செய்தி.

உன் பேரன் குண்டன் தவழ்கிறான் என்று போனில் சொன்னேன். தவழவில்லை. உட்காருகிறான் என்று சொன்னேன். நாலு பக்கமும் தலையணை அணைகட்டினால் உட்காருகிறான். ஒன்றை உருவினால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறான், சிரித்துக்கொண்டே. சிரிப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பெயர்தான் குண்டன், இடுப்பில் வைத்தால் எடையே தெரியவில்லை. ஆனால் தூக்குவது கஷ்டம். அவன் என்னைப் பிடித்துக்கொள்ள மாட்டான், நான்தான் முழுவதும் பிடிக்க வேண்டும். பிசியோதெரபி பயிற்சிக்கு வாரம் மூன்று முறை பஸ்ஸில் போகிறோம். எழுந்து இடம் கொடுக்கிறார்கள், உடனே கேள்வியும் கேட்கிறார்கள். இரண்டு வயசாச்சா, இன்னும் நடக்கலையா? ஆண்பிள்ளை மெதுவாகத்தான் நடப்பான் என்று மாமியார் எனக்காகப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

கொசுவைச் சரிசெய்து, நாற்காலியையும் சரிசெய்துவிட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குள் ஒரு கணக்கு. பட்டம் வாங்கியவள் போடுகிற கணக்கா இது என்று திட்டாதே. குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கிவைப்பதில்லையா? அப்படி.

மெக்கானிக் நல்ல மனிதர். வாய் ஓயாது. வண்டியோடும் பேசுவார், நம்மோடும் பேசுவார், யாரோடு பேசுகிறார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, செயினை மாற்றி, எறும்பையெல்லாம் குடிபெயர்த்து, ஒரு மாலை உயிர் கொடுத்துவிட்டார். அதே கொய்ங். தெருவில் நின்றுகொண்டு அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைக்கு என்ன வயசு என்றார். இரண்டு என்றேன். அப்ப பிரச்சினையில்ல, கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்துக்குவான் என்றார். ஆமாம் என்றேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். பழைய பெயிண்டை முழுவதும் உரித்துவிட்டேன், நாற்காலியில் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். வீட்டில் யாரும் இல்லாததால் குண்டனைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

சிவப்புக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில், முதுகுச் சாய்மானத்தின் மேல் விளிம்பில், இரண்டு கம்பிகளை அறுத்து எடுத்த அடிக்கட்டைகள். அதற்குக் கீழே, ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை அறுத்த தடங்கள். அறுத்த இடத்தை மழுக்கி, அதன் மேல் நீலத்தைக் கனமாக அடித்திருக்கிறார்கள். தடவினால் மேடு தெரியும். நான் சின்ன வயதில் அந்த மேட்டை நகத்தால் சுரண்டியிருக்கிறேன், கையைத் தட்டிவிட்டிருக்கிறாய்.

மெக்கானிக் இது மூட்டை கட்டுறதுக்கா இருக்குமோ என்று தொடங்கினார். அப்போது குண்டன் என் தோளிலிருந்து பின்னால் சரிந்தான். நான் கையைக் கொடுத்து அவன் தலையைப் பிடித்தேன். அவர் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதை அரத்தால ராவிடட்டுமா, இல்ல விட்டுடட்டுமா?"

தலை நிற்காத ஒரு குழந்தையைத் தாங்க வைத்த கம்பிகள் அவை என்று புரிந்ததும், குண்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா, எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான், காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அப்பா இருந்தவரை அவரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் பெட்டியில் ஒரு போட்டோ இருந்தது. உன் மடியில் அவன், அவன் தாடைக்குக் கீழே உன் கை. செல்லம் கொஞ்சுகிறாய் என்று நினைத்திருந்தேன். குண்டனோடு நான் எடுத்த எல்லாப் படங்களிலும் என் கை அங்கேதான் இருக்கிறது.

அதே பெட்டியில் ஒரு பச்சைத் துணிப் பட்டை. பஞ்சு வைத்துத் தைத்தது, இரண்டு பக்கமும் கொக்கி. அதில் பொம்மையைக் கட்டி விளையாடியதற்காக என்னை அறைந்தாய். நீ என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

குண்டனுக்கு நாலாவது மாதம், நீ அவனைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். துடைக்கத் தூக்கியபோது அவன் தலை தொங்கியது. எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் தொங்கும் என்றுதான் நான் நினைத்தேன். நீ செம்பை வைத்துவிட்டு, அவனை என் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறம் போனாய். வெகுநேரம் வரவில்லை. அந்த வாரமே, தம்பி மனைவி இரட்டைகளோடு திண்டாடுகிறாள் என்று பெட்டியைக் கட்டிவிட்டாய். மகள் வயிற்றுப் பேரனைவிட மகன் வீட்டுப் பேத்திகள் உசத்தியோ என்று நான் பொருமினேன். இல்லை. நீ பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு ஓடிவிட்டாய்.

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது அம்மா. டாக்டர் முதல் நாளே கேட்டார், உங்கள் குடும்பத்தில் வேறு எந்தக் குழந்தைக்காவது இப்படி இருந்ததா என்று. இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அவர் சொன்ன பெயரை இங்கே எழுதமாட்டேன். அதைப் பற்றி ஓரளவு படித்தேன், பிறகு மூடிவைத்துவிட்டேன்.

கோபத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. ஊரே நடக்கிறானா என்று கேட்டது. நீ ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. தவழ்கிறான் என்று நான் பீற்றிக்கொண்டபோது சரிம்மா என்றாய். அடுத்த மூச்சில், முழுங்குறானா, பால் மூக்குல ஏறுதா என்று கேட்டாய். இதென்ன அச்சானியமாகக் கேட்கிறாள் என்று எரிச்சலாக வரும். முழுங்குறான் முழுங்குறான் என்று போனை வைத்துவிடுவேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நீ ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாய்.

நாற்காலியை அறுக்கச் சொல்லி நீ பட்டறையில் நின்ற நாளை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நான் உன் வயிற்றில் இருந்தேனா, பிறந்துவிட்டேனா? அவனுக்குப் பிறகு இன்னொன்றைச் சுமக்க உனக்கு எப்படித் தைரியம் வந்தது? இதை நான் சும்மா கேட்கவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய், நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். தனியாகப் போக என்னால் முடியாது.

மெக்கானிக்கிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன், ராவ வேண்டாம் என்று. அந்தக் கட்டைகளின் மேலேயே புதுக் கம்பி வைத்து வெல்டிங் செய்து தருகிறாராம். உயரம் மட்டும் சொல்லுங்கள் என்றார். பயிற்சி நிலையத்தில் அளவு எடுத்துக் கொடுப்பார்கள், தெரியும். எனக்கு உன் கை அளவுதான் வேண்டும். அந்தப் பச்சைப் பட்டை இன்னும் இருந்தால் எடுத்து வா. இல்லாவிட்டால் துணி வாங்கி வைக்கிறேன், நீ வந்து தை. எங்கே இறுக்கலாம், எங்கே இறுக்கக் கூடாது என்று காட்டிக்கொடு.

அண்ணன் எத்தனை வயது வரை இருந்தான் என்று நான் கேட்கமாட்டேன். நீயாகவும் சொல்லிவிடாதே. அவன் பெயரை மட்டும் சொல். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

இரட்டைகளைத் தம்பி மனைவி கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வாள், கெட்டிக்காரிதான். முட்டி வலிக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன். நீ பின்னால் உட்கார்ந்துகொள், கையை மட்டும் முன்னால் நீட்டி அவனைப் பிடித்துக்கொள். போலீஸ்காரர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களை ஆசீர்வாதம் பண்ணு, அதையும் இங்கே வந்து பண்ணு.

இப்படிக்கு,
உன் மகள்

பி.கு: முழுங்குகிறான் அம்மா. மெதுவாக முழுங்குகிறான். இரண்டு தடவை மூக்கில் ஏறியது. சாய்த்துப் பிடிப்பதா, நிமிர்த்திப் பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.