அரங்கில் அரச இருக்கை வேண்டா

நலம் நிறைக. கழிகளில் நீர் குன்றாதிருக்க. உப்பளங்களில் விளைவு குன்றாதிருக்க. உழைத்தோர் வீட்டில் அடுப்பு அணையாதிருக்க.

அலைகரைக் காவலி, உப்புப் பெருவழி திறந்த பெருமாட்டி, தண்கழி நாட்டு அரசி செழுங்கோதை, முகிலூர் அரண்மனையின் மேலை மாடத்திலிருந்து, எழுத்தர் எவரையும் அழையாது தன் கையாலேயே எழுதிய ஓலை இது. தென்கழி மண்டலக் காவலரும், எம்முடன் ஒரு வயிற்றில் பிறந்தவருமாகிய நெய்தலங்கீரனார் காண்க. உம் மண்டலமும், துறைமுகமும், உம் மனையாளும் மக்களும் நலமுடன் வாழ்க. இவ்வாண்டு மழை உம் பக்கம் முந்திப் பெய்தது என்று கேட்டு மகிழ்ந்தோம்.

உமது ஓலை வந்து சேர்ந்தது. உம் நகரில் எழும்பும் புதிய பொதுவரங்கில் உமக்குரிய இருக்கையை எங்கே அமைப்பது என்று தச்சர் கேட்பதாக எழுதியிருந்தீர். முகிலூர் அரங்கில் எம்மை எள்ளி ஆடிய கூத்தர் தலைவன் கொற்றனையும் அவன் குழுவினரையும் எல்லைச் சாவடியில் நிறுத்தி, அவர்தம் ஆடையணிகளையும் முழவுகளையும் வாங்கி வைத்து, எம் ஆணைக்குக் காத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். எம்மை அரங்குக்கு வரவேண்டா என்று சொன்ன கண்காணி வேண்மாளை நாம் இன்னும் தண்டியாதது ஏன் என்றும் கேட்டிருந்தீர். எம்மேல் வைத்த அன்பினால் இவற்றைச் செய்தீர் என்பதை அறிவோம். ஆயினும் உமக்கு வந்த செய்தி முழுமையானதன்று. நடந்ததை நாமே சொல்கிறோம்.

முகிலூர்ப் பொதுவரங்கம் உப்புச் சுங்கத்தில் எழுந்தது. அளத்தில் கால் வெந்து நிற்பவன் தருவதில் ஒரு பங்கு அதன் தூணிலும் கூரையிலும் இருக்கிறது. எனவே அதைத் திறந்த நாளிலேயே ஒரு விதி செய்தோம். எந்தக் கூத்து ஆடப்படும், எவருக்கு எந்நாளில் மேடை, எவர் பாட எவர் காத்திருப்பர் என்பவற்றைக் கண்காணியும், கூத்தரும் வணிகரும் உப்பளத்தாரும் கூடிய அரங்கக் குழுவுமே முடிவு செய்வர். அரசு பொருள் தரும், வாய் திறவாது. அவ்விதியை எம் கையாலேயே எழுதினோம். அதன்பின் அரங்கின் நட்டநடுவே, மேடைக்கு மிக அருகில், எமக்கென்று ஓர் இருக்கையையும் போடச் செய்தோம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

எம் கணவர் மறைந்தபின் அவ்விருக்கையே எமக்குத் துணையாயிற்று. பகல் முழுதும் வழக்கும் வரியும் தூதும் கேட்ட பின், மாலையில் பலரோடு ஒருவராக அமர்ந்து ஒரே பாட்டைக் கேட்பது போன்ற ஆறுதல் எமக்கு வேறில்லை. பலரோடு ஒருவர் என்றே நாம் எண்ணியிருந்தோம்.

இவ்வேனிலில் கொற்றனின் குழு ஒரு நகைக்கூத்தை ஆட வந்தது. நாம் வெட்டுவித்த வடக்குக் கால்வாயை நீர் மறந்திருக்க மாட்டீர். ஆற்றுநீரை வயலுக்குக் கொண்டுபோகும் என்று வெட்டினோம். தரை தாழ்ந்திருந்தமையால் கடல்நீர் வயலுக்குள் வந்தது. ஓர் அரசி ஆற்றுக்கு ஆணையிடுவதும், ஆறு அவளுக்கு மேட்டையும் பள்ளத்தையும் காட்டி விளக்க முயல்வதுமே அந்தக் கூத்து. ஒத்திகை பார்க்க வந்த உப்பளத்தார் விழுந்து விழுந்து சிரித்தனர் என்று கேள்விப்பட்டு, ஆவலோடு போய் அமர்ந்தோம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அரசி வேடமிட்ட கொற்றன் ஆற்றை அதட்டியபோது அரங்கம் முழுதும் எம் முகத்தையே நோக்கிற்று. நாம் சிரித்தோம், உடனே அனைவரும் சிரித்தனர். நாம் நிறுத்தினோம், அனைவரும் நிறுத்தினர். அடுத்த இடத்தில் சிரிப்பு வந்தும், தொடங்கினால் யாது நிகழும் என்று அறிந்தமையால் அடக்கிக்கொண்டோம். கொற்றன் சொல் மறந்து நின்றான். கூத்து முடிந்து வேடம் கலைக்கும் இடத்தில் அவன் அழுதான் என்று பின்னர் அறிந்தோம்.

மறுநாள் வேண்மாள் அரண்மனைக்கு வந்தாள். கூத்தரோடு ஊர் ஊராய்த் திரிந்து, மேடை கட்டுவித்து, விளக்கேற்றுவித்துப் பழகியவள். அவையில் பேசும் மொழி அறியாள். அமரச் சொல்லியும் அமரவில்லை. அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறோம்.

“தாயே, நீங்க வந்து உட்கார்ந்தா மேடைய யாரும் பாக்குறதில்ல. உங்க முகத்தத்தான் பாக்குறாங்க. நீங்க சிரிச்சப்புறம் சிரிக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. கொற்றனுக்கு மட்டுமில்ல, இத்தன வருசமா எல்லாருக்கும் அப்படித்தான். நாந்தான் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க வராதீங்க, தாயே.”

எமக்குச் சினம் மூண்டது. மறைப்பானேன். அப்படியாயின் மாலைப்பொழுதில் நாம் எங்கே போவது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தோம்.

பேரமைச்சர் தழும்பனார் அன்றே அவளை நீக்க வேண்டும் என்றார். அரசின் பொருளை உண்பவர் அரசியையே வாயிலில் நிறுத்துவது எந்நாட்டிலும் இல்லை என்றும், இன்று இருக்கை போனால் நாளை முடி போகும் என்றும் உரைத்தார். நாம் அவளை நீக்காது, அரங்கின் மேல்தளத்தில் ஒரு திரை கட்டுவித்து அதன் பின்னே அமர்ந்து பார்த்தோம். அன்று மக்கள் திரையைப் பார்த்தனர். காற்றில் அது அசைந்தபோதெல்லாம் பாட்டு நின்றது.

அதன்பின் நாம் போகவில்லை. திரையை அவிழ்க்கச் சொன்னோம். நடுவில் கிடந்த இருக்கையையும் எடுக்கச் சொல்லி, அவ்விடத்தில் மற்றவர்க்குப் போலவே பாய் விரிக்கச் செய்தோம். வேண்மாள் எம்மைத் தடுக்கவில்லை, தம்பி. எம்மைத் தடுக்கும் ஆற்றல் இந்நாட்டில் எவருக்கும் இல்லை. அதனாலேயே நாமே விலக வேண்டியதாயிற்று.

கொற்றன் மீண்டும் ஆடிய மாலையில் இம்மாடத்தில் நின்றிருந்தோம். அரங்கம் ஏரியின் அக்கரையில் இருப்பதை நீர் அறிவீர். சொல் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று பெரும் சிரிப்பொலி நீரின்மேல் வந்தது. அடங்குமுன் இன்னொன்று எழுந்தது. எந்த இடத்துக்குச் சிரிக்கின்றனர் என்று எமக்குத் தெரிந்துபோயிற்று. ஆறு அரசியின் கையைப் பிடித்துச் சரிவைத் தடவிக் காட்டும் இடம். நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். பின்னால் நின்ற பணிப்பெண்கள் அஞ்சித் தலைகுனிந்தனர். ஏன் சிரித்தோம் என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு இல்லை. சொல்லியிருந்தால் அவர்களும் சிரித்திருப்பர், நாம் சொன்னதற்காக.

வேண்மாளை அதன்பின் நாம் காணவில்லை. அழைத்தால் வருவாள். அன்பினால் வந்தாளா, அழைத்ததனால் வந்தாளா என்று அறிய வழியில்லை. ஆகவே அழைக்கவில்லை.

இனி எம் கட்டளை. கொற்றனையும் அவன் குழுவினரையும் இவ்வோலை கண்டவுடன் விடுவிக்க. வாங்கிய பொருள் யாவையும் பழுதின்றித் திருப்பித் தருக. பழுதுற்றதை உம் செலவில் செய்து கொடுக்க. உம் புதிய அரங்கில் முதல் கூத்து அவர்களுடையதாகுக. அதில் ஒரு சொல்லும் குறைக்கச் சொல்லற்க. கண்காணியை அரங்கக் குழுவோடு கலந்து அமர்த்துக. அமர்த்தியபின், அவர் மேடையேற்றும் எதன் பொருட்டும் அவரை நீக்கற்க. விளைவு குன்றிய ஆண்டிலும் அரங்குக்குரிய பங்கைத் தடுக்கற்க. உம் இருக்கை எங்கே என்று கேட்ட தச்சரிடம், இருக்கை இல்லை என்று சொல்லுக. கூத்தென்றால் உமக்கு உயிர் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறோம்.

இக்கட்டளைகளை மட்டும் முரசறைந்து அறிவிக்க. மற்றவை உம் ஒருவருக்கே. வேம்பும் அலையும் பொறித்த எம் முத்திரை இட்டோம். செங்கோல் சாயாதிருக்க, குடி வாழ்க.

முத்திரைக்குக் கீழே இடம் இருப்பதால் ஒன்று எழுதுகிறேன், கீரா. உன் ஓலை முழுதும் பெருமாட்டி என்றே எழுதியிருந்தாய். முறைப்படி அதுவே சரி. மறுமொழி எழுதும்போது, மனம் வந்தால், ஓரிடத்திலாவது அக்கா என்று எழுது. அப்படி அழைப்பவர் இந்நகரில் எவரும் இல்லை. இதை மட்டும் கட்டளையாகக் கொள்ளாதே.